கயிற்றின் மேல்முனை

கொற்றன் தன் மச்சினனைத் துறையில் இருந்த அத்தனை பேர் காதிலும் விழும்படி திட்டிவிட்டான்.

திட்டுவது அவனுக்குப் புதிதல்ல. கடலில் மூழ்கி முத்துச்சிப்பி எடுத்து, அதைத் தானே விலை பேசி விற்று, ஓலைக் குடிசையிலிருந்து மேலே வந்தவன். வாயில்லாதவனை இந்தத் துறையில் மிதித்துவிட்டுப் போவார்கள் என்பது அவனுக்குத் தெரியும். ஆனால் அன்று அவன் சொன்னது சொல்லக்கூடாத சொல்.

நடந்தது இதுதான். யவனக் கப்பல்களுக்கு முத்து வாங்கிக் கொடுக்கும் வணிகன் ஒருவன் வந்திருந்தான். அந்தத் துறையில் விலையை வாயால் பேசமாட்டார்கள். விற்பவனும் வாங்குபவனும் கையைப் பிடித்துக்கொள்வார்கள். மேலே ஒரு துணி கிடக்கும். துணிக்கு அடியில் விரலைத் தொட்டும் அழுத்தியும் விலை நடக்கும். சுற்றி நிற்கிறவனுக்கு ஒன்றும் தெரியாது. விலை படிவதற்குள் யாராவது துணியைத் தூக்கிவிட்டால் பேரம் அங்கேயே முறிந்தது.

போன பருவத்தில் எடுத்து, விற்காமல் வைத்திருந்த நல்ல முத்து அது. கொற்றன் விடாமல் அழுத்திக்கொண்டிருந்தான். முகத்தில் ஒன்றுமே இல்லை. வணிகனின் கட்டைவிரல் இளகத் தொடங்கியிருந்தது. பக்கத்தில் நின்ற மச்சினன் அழிசிக்குத்தான் பொறுக்கவில்லை. எவ்வளவுக்கு வந்திருக்கிறது என்று பார்க்கத் துணியின் ஓரத்தைத் தூக்கிவிட்டான்.

வணிகன் கையை உருவிக்கொண்டு எழுந்து போய்விட்டான்.

"பயந்த கைடா உன்னுது" என்றான் கொற்றன். "கடல்லயும் பொறுக்காது, கரையிலயும் பொறுக்காது. உன் அக்காளைக் கட்டின பாவத்துக்கு உன் கையில கயித்தைக் கொடுத்திருக்கேன். இல்லேன்னா ஒரு ஆட்டுக்குட்டியைக்கூட உன்கிட்டப் பிடிக்கக் கொடுக்கமாட்டேன்."

துறையே அடங்கிப்போயிற்று.

மூழ்குகிறவன் இடுப்பில் ஒரு கயிறு கட்டியிருக்கும். அதன் மறுமுனை தோணியில் நிற்கிறவன் கையில் இருக்கும். கீழே மூச்சு முட்டியதும் மூழ்கியவன் கயிற்றை ஒரு ஆட்டு ஆட்டுவான். மேலே இருப்பவன் உடனே இழுக்க வேண்டும். பிந்தினால் வருவது ஆளல்ல. அதனால் அந்த ஊரில் பெண்டாட்டியோடு பிறந்தவன்தான் கயிறு பிடிப்பான். தன் அக்காளின் வாழ்வை எவனும் கை நழுவவிடமாட்டான் அல்லவா. கயிறு பிடிக்கிறவனை என்ன வேண்டுமானாலும் ஏசலாம். அவன் கையை மட்டும் குறை சொல்லக்கூடாது.

அழிசி தோளில் கிடந்த கயிற்றுச் சுருளை எடுத்துக் கொற்றனின் காலடியில் வைத்தான். திரும்பிப் பார்க்காமல் வீட்டுக்குப் போய்விட்டான்.

நாளை மறுநாள் கடல் திறக்கிறது. வருஷத்தில் சில வாரங்கள்தான் அந்தக் கடலில் முத்துக் குளிக்கலாம். அதில் கிடைப்பதை வைத்துத்தான் மீதி வருஷம் அடுப்பு எரியும். தோணித் தலைவரான தண்டல் அங்கேயே சொல்லிவிட்டார். மச்சினனோடு வந்தால் உனக்கு இடம் உண்டு. இல்லையென்றால் உன் இடத்துக்கு வேறு இரண்டு பேர் காத்திருக்கிறார்கள். கூலிக்கு ஒருத்தனைக் கயிறு பிடிக்கக் கூட்டிவருகிறேன் என்று கொற்றன் பேரம் பேசிப் பார்த்தான். உன் பெண்டாட்டிக்கு நான் பதில் சொல்லமுடியாது என்று தண்டல் எழுந்துவிட்டார்.

கொற்றன் தன் ஆசானிடம் போனான்.

ஆசானின் பெயர் தியோன். யவனர். கப்பலில் அடிமையாக வந்து, எசமான் செத்தபோது விடுதலையாகி, இந்தத் துறையிலேயே தங்கிவிட்டவர். பாய் தைத்துப் பிழைத்தார். கொற்றனைவிடப் பத்து வயதாவது இளையவர். அவர் நாட்டில் தூண்கள் நிறைந்த மண்டபம் ஒன்றில் நின்று பழைய காலத்துப் பெரியவர்கள் பேசினார்களாம். எது நம் கையில் இருக்கிறது, எது இல்லை. மனிதன் எதற்குக் கலங்க வேண்டும், எதற்குக் கலங்க வேண்டாம் என்று. அந்த வாசகங்களைப் பாய் தைத்துக்கொண்டே கேட்டவர்களுக்குச் சொல்வார்.

ஒரு வாசகம் சொன்னால், அதைச் செய்து பார்த்துவிட்டு வந்தால்தான் அடுத்தது. மற்றவர்கள் ஒரே வாசகத்தோடு மாதக்கணக்கில் மல்லுக்கட்டினார்கள். கொற்றன் அங்கேயும் பேரம் பேசினான். செய்துவிட்டதாக வைத்துக்கொள்ளுங்கள் ஆசானே, அடுத்ததைக் கொடுங்கள் என்பான். அவரும் சிரித்துக்கொண்டே கொடுத்துவிடுவார். அப்படி வாங்கி வாங்கி, எல்லாரையும்விட அதிகமாக மனப்பாடம் செய்திருந்தவன் அவன்தான். புதிதாக வருகிறவர்களுக்கு விளக்கமும் அவனே சொல்வான்.

"ஒரு வார்த்தை வேணும் ஆசானே" என்றான்.

"எதுக்கு அண்ணே?"

"மச்சினன் கயித்தைத் திரும்ப எடுக்கணும். நானும் தாழக்கூடாது. அப்படி ஒரு வார்த்தை."

தியோன் நூலைப் பல்லால் கடித்து அறுத்தார். வசவைப் பற்றி மண்டபத்துப் பெரியவர் என்ன சொன்னார், நினைவிருக்கிறதா என்று கேட்டார்.

கொற்றன் மூச்சுவிடாமல் சொன்னான். வசவு ஏசுகிறவன் நாக்கில் இல்லை. அது வெறும் சத்தம். என்னை அவமதித்துவிட்டான் என்று கேட்கிறவன் தானே நினைத்துக்கொள்கிறான். வலி அந்த நினைப்பில்தான் இருக்கிறது. ஒரு எழுத்துப் பிசகவில்லை.

"அழகாச் சொல்றீங்க" என்றார் தியோன்.

சொல்லி முடித்ததும் கொற்றனின் முகம் மலர்ந்துவிட்டது. தேடி வந்தது இடுப்பிலேயே செருகியிருந்ததுபோல. "இதைத்தான் அவன்கிட்டச் சொல்லணும்" என்று எழுந்தான்.

தியோன் அவனைத் தடுக்கவில்லை. ஊசியில் நூல் கோத்துக்கொண்டிருந்தார்.

அழிசி தன் வீட்டு வேலிக்குள் உட்கார்ந்து வலையில் கிழிசல் பார்த்துக்கொண்டிருந்தான். கொற்றன் தோளில் கயிற்றோடு போய் நின்று, வசவு என்றால் என்ன, அது எங்கே இருக்கிறது, வலி யாருடைய வேலை என்றெல்லாம் எடுத்துச் சொன்னான். ஆக, நான் ஏசியதில் உனக்கு வலித்திருந்தால் அது உன் நினைப்பின் குற்றம் என்று முடித்தான். அழிசி வலையைக் கீழே வைத்துவிட்டு, பாடம் கேட்கிறவனைப்போல மரியாதையாகக் கேட்டான்.

"அப்போ உங்களை நான் நாயேன்னா உங்களுக்கு வலிக்காது, அத்தான்."

"வலிக்காது."

"பேயேன்னா?"

"வலிக்காது."

"முத்தை முழுங்கினவனேன்னா?"

சிப்பியைத் திறக்கும்போது பங்காளிகளுக்குத் தெரியாமல் முத்தை வாயில் போட்டு விழுங்குவது அந்தத் துறையிலேயே கேவலமான திருட்டு. கொற்றன் வேலியைத் தாண்டிவிட்டான். அக்கம்பக்கத்தார் ஓடி வந்து பிரிப்பதற்குள் அழிசியின் மேல்துணி இரண்டாகக் கிழிந்திருந்தது. யவனன் பாடம் வேலி தாண்டி வருது, எல்லாரும் ஒதுங்குங்க என்று யாரோ சொன்னார்கள். தெருவே சிரித்தது.

வீட்டில் அவன் மனைவி எயினி எல்லாவற்றையும் கேள்விப்பட்டிருந்தாள். சோற்றை வைத்தாள். அவன் கை கழுவி எழுந்த பிறகுதான் பேசினாள்.

"நீங்க ரெண்டு பேரும் ஜெயிங்க. நான் யார் பக்கம் உட்கார்ந்து அழணும்னு மட்டும் சொல்லிட்டுப் போங்க."



மறுநாள் காலையில் கொற்றன் தியோனின் முன்னால் கயிற்றைப் போட்டான். உங்கள் பாடம் வேலைக்கு ஆகவில்லை என்றான். இத்தனை காலம் படித்ததை வைத்து ஒரு மச்சினனைச் சமாளிக்க முடியவில்லை, இது என்ன படிப்பு என்றான். மண்டபத்துப் பெரியவர்களுக்கு மச்சினன் இருந்தானா இல்லையா என்றும் கேட்டான்.

தியோன் ஊசியைப் பாயில் குத்தி வைத்துவிட்டுக் கயிற்றை எடுத்தார்.

"ஒரு சின்னத் தோணி கிடைக்குமா அண்ணே? நான் மூழ்கிப் பார்க்கணும்."

"உங்களுக்கு நீச்சலே அரைகுறை."

"அதனாலதான் நீங்க பிடிக்கணும்."

விளையாடுகிறார் என்று நினைத்தான். அவர் கரையை நோக்கி நடந்துகொண்டிருந்தார்.

ஆழம் அதிகமில்லாத இடமாகப் பார்த்துக் கொற்றன் தோணியை நிறுத்தினான். மூக்கைப் பொத்துவது எப்படி, கல்லைக் காலிடுக்கில் பிடித்துக்கொண்டு இறங்குவது எப்படி, அடியில் போனதும் அதை விடுவது எப்படி என்று சொல்லிக்கொடுத்தான். கயிற்றை அவர் இடுப்பில் தானே கட்டினான். முடிச்சை ஒருமுறைக்கு இருமுறை இழுத்துப் பார்த்தான்.

"கயித்தை ஆட்டுவேன். ஆட்டினா இழுங்க. ஆட்டாம இழுக்காதீங்க" என்றார் தியோன். கல்லோடு உள்ளே போய்விட்டார்.

கயிறு கொற்றனின் உள்ளங்கையை உரசிக்கொண்டு ஓடியது. பிறகு நின்றது.

கொற்றன் இருபது வருஷமாகக் கயிற்றின் கீழ்முனையில் இருந்தவன். மேல்முனையைப் பிடித்ததே இல்லை. கீழே போனால் வேலை இருக்கும். சிப்பி இருக்கும், மண் கலங்கும், மீன் உரசும், கை ஓடிக்கொண்டே இருக்கும். மேலே ஒன்றுமே இல்லை. கயிறு மட்டும்தான். அது எதையும் சொல்லாமல் தண்ணீருக்குள் இறங்கிக் கிடந்தது.

குமிழிகள் வந்தன. பிறகு குறைந்தன. ஒரு சிற்றலை தோணியைத் தூக்கிப் போட்டது. கயிறு அசைந்தது. ஆட்டினாரா, அலையா? கொற்றன் காத்திருந்தான். குமிழி நின்றுபோயிற்று.

அவன் இழுத்துவிட்டான்.

தியோன் தண்ணீரைக் கக்கிக்கொண்டு மேலே வந்தார்.

"நான் ஆட்டலையே அண்ணே."

"ஆட்டலையா?"

"ஏன் இழுத்தீங்க?"

கொற்றன் தன் கையைப் பார்த்தான். "தெரியலை. கை இழுத்துருச்சு."

தியோன் இருமி முடித்து, இன்னொரு கல்லை எடுத்துக்கொண்டு மறுபடியும் போனார். இந்தத் தடவை ஆட்டும் வரைக்கும் இழுப்பதில்லை என்று கொற்றன் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றான். முதல் தடவையைவிடச் சீக்கிரமாக இழுத்துவிட்டான்.

தியோன் தோணிக்குள் விழுந்து மல்லாந்து கிடந்தார். உதடு நீலம் பாரித்திருந்தது. ஆனாலும் சிரித்தார்.

"கீழே ஒரு சிப்பி கண்ணுக்குத் தெரிஞ்சுது. கை எட்டுறதுக்குள்ள இழுத்துட்டீங்களே."

கொற்றனுக்கு அந்தக் குரல் நன்றாகத் தெரிந்தது. அது அவனுடைய குரல். பருவம் தவறாமல், தலை தண்ணீருக்கு மேலே வந்ததும், மூச்சு வாங்குவதற்கு முன்னால் அவன் அழிசியிடம் சொல்கிற வார்த்தை. இன்னும் ரெண்டு சிப்பி இருந்துச்சு, அதுக்குள்ள என்னடா அவசரம் உனக்கு. அழிசி ஒருநாளும் பதில் சொன்னதில்லை. கயிற்றைச் சுருட்டிக்கொண்டு நிற்பான்.

கொற்றன் துடுப்பை எடுத்தான். தோணியை நேரே அழிசியின் தெரு இறங்கும் கரைக்கு விட்டான்.

"முதல்ல என்னை என் குடிசையில விடுங்க அண்ணே" என்றார் தியோன். "குளிருது."

அவரை விட்டுவிட்டு வந்த கொற்றன் இந்த முறை அழிசியின் வேலிக்கு வெளியிலேயே நின்றான். தெருவில் செய்தி பரவியது. நேற்றுப் பார்க்காதவர்களும் வந்துவிட்டார்கள். கிழிக்க இன்னொரு துணி கொண்டு வா அழிசி என்று ஒருவன் கூப்பிட்டுச் சொன்னான்.

அழிசி வெளியே வந்தான். இம்முறை அவன்தான் பேசினான். அக்காள் கல்யாணத்தில் ஆரம்பித்தான். பங்கு பிரிக்கும்போது தன்னை ஒரு வார்த்தை கேட்காதது, காய்ச்சலோடு கயிறு பிடித்த நாளில் சோம்பேறி என்றது, தன் பெண்டாட்டி முன்னால் வைத்துக் கேலி செய்தது எல்லாம் வந்தது. நடந்ததும் வந்தது, நடக்காததும் வந்தது. நடக்காதது வந்தபோதெல்லாம் கொற்றனின் கழுத்து நரம்பு புடைத்தது. வேலிக் கம்பை ஒரு கையால் பிடித்திருந்தான். அது முறுகிச் சத்தம் போட்டது. பல்வரைக்கும் வந்த பதிலை ஒவ்வொன்றாக உள்ளே தள்ளினான். மூச்சடக்கத் தெரிந்தவன். ஆனால் இப்படி அடக்கியதில்லை.

அழிசிக்குச் சொல்லத் தீர்ந்துபோயிற்று.

"உன் கை பயந்த கைன்னு சொன்னேன்" என்றான் கொற்றன். "இன்னிக்கு நான் கயிறு பிடிச்சுப் பார்த்தேன். என் கை உன் கையைவிடப் பயந்தது. நான் சொன்னது தப்பு."

வேடிக்கை பார்க்க வந்தவர்கள் காலை மாற்றி மாற்றி நின்றார்கள். இது அவர்கள் எதிர்பார்த்த வேடிக்கை அல்ல.

கொற்றன் கயிற்றை நீட்டினான். அழிசியின் கை பாதி தூரம் வந்தது. அங்கேயே நின்றது.

"நாளைக்குக் கடல் திறக்குது" என்றான் அழிசி.

"ஆமா."

"உங்களுக்குத் தோணியில இடம் வேணும்."

கொற்றன் தலையசைத்தான்.

"தோணி இல்லேன்னா இங்க வந்திருப்பீங்களா, அத்தான்?"

வந்திருப்பேன் என்று ஒரு சொல் சொன்னால் போதும். கயிறு கை மாறிவிடும். எதிராளி இளகிவிட்ட நேரம் எது என்பது கொற்றனுக்குத் தெரியும். அந்த நேரத்தில் என்ன சொன்னால் விலை படியும் என்பதும் தெரியும். வாழ்க்கையில் இதைவிடப் பெரிய பொய்களை இதைவிடச் சின்ன லாபத்துக்குச் சொன்னவன் அவன். வாயைத் திறந்தான். அழிசி அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான்.

கொற்றன் வாயை மூடிக்கொண்டான்.

அழிசி கையை இறக்கினான். உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டான்.

கடல் திறந்த அன்று காலையில் கொற்றன் கயிற்றையும் கல்லையும் எடுத்துக்கொண்டு கரைக்குப் போனான். எயினி தடுக்கவில்லை. தண்டல் அவனைப் பார்த்தார். அவனுக்குப் பின்னால் இருந்த வெறும் மணலையும் பார்த்தார். நல்லபடியாக இருந்த பாய்முடிச்சை அவிழ்த்து மறுபடியும் கட்டினார். நன்றாக இருந்த துடுப்பைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அவரால் தாமதிக்க முடிந்தது அவ்வளவுதான். மற்றத் தோணிகள் கிளம்பிவிட்டன. காத்திருந்த இருவரைக் கூப்பிட்டு ஏற்றிக்கொண்டார்.

சங்கு முழங்கியது. கரையில் பெண்கள் குலவையிட்டார்கள்.

பாய்கள் சிறுத்து வெள்ளைப் புள்ளிகளாகும் வரைக்கும் கொற்றன் நின்றான். கூட்டம் கலைந்தது. போகிறவர்களில் ஒருவன், பாடம் படிச்சவருக்கு இந்த வருஷம் ஓய்வு என்று சொல்லிவிட்டுப் போனான். கொற்றன் அவனைத் திரும்பிப் பார்த்தான். அவ்வளவுதான். சொன்னவன் வேகமாக நடந்தான்.

தியோன் வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். தும்மினார். கடல் தண்ணீர் அவருக்குச் சளி பிடிக்க வைத்திருந்தது.

"போச்சு ஆசானே" என்றான் கொற்றன்.

"என்ன போச்சு?"

"தோணி. இந்த வருஷம் பூராவும்." மணலில் தொப்பென்று உட்கார்ந்தான். "குரல் உயர்த்தலை. கை ஓங்கலை. ஊர் முன்னால தப்புன்னு சொன்னேன். தோணி இல்லேன்னா வந்திருப்பீங்களான்னு அவன் கேட்டப்போ ஒரு பொய் சொல்லியிருந்தா இப்போ அந்தத் தோணியில இருப்பேன். அதையும் சொல்லலை. கணக்குப் பாருங்க. நான் எல்லாத்தையும் கொடுத்தேன். எனக்கு என்ன வந்துச்சு?"

தியோன் கணக்குப் பார்க்கவில்லை.

கொற்றனுக்குக் கோபம் ஏறியது. இனி அந்தத் தெருப்பக்கம் தலைவைக்கப்போவதில்லை என்றான். அடுத்த வருஷத்துக்கு வேறு வழி பார்ப்பேன், வலை இழுப்பேன், உப்பு அள்ளுவேன், இந்தக் கை சும்மா இருக்காது என்றான். வாசகங்கள் போதும் என்றான். தியோன் எல்லாவற்றுக்கும் தலையாட்டினார்.

"கடைசியா ஒண்ணு கேக்குறேன்" என்றான் கொற்றன். "தோணி போயிருச்சு. பருவம் போயிருச்சு. அவன்கிட்ட வாங்குறதுக்கு இனி எனக்கு எதுவும் இல்லை. அப்புறம் அவன் வாசலுக்கு நான் எதுக்குப் போகணும்?"

தியோன் எழுந்து வேட்டியில் ஒட்டிய மணலைத் தட்டிக்கொண்டார்.

"இப்போதான் அண்ணே, அவன் கேட்டதுக்கு உங்களால பதில் சொல்ல முடியும்."

கொற்றன் பக்கத்தில் கிடந்த கயிற்றை எடுத்து மடியில் வைத்துக்கொண்டான்.